கன்டெய்னர் போன சனிக்கிழமை

எங்கள் பனியன் கம்பெனிக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. வீரபாண்டியில், தையல் பிரிவுக்குப் பின்னால் கோர்ட். ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்கி விளையாடுகிறவர்கள். பதிவேட்டில் மட்டும் செக்கிங் பிரிவு ஊழியர்கள் என்று இருக்கும். கம்பெனி மேனேஜரான நான்தான் அணிக்கும் மேனேஜர். ஆங்கில இலக்கியம் படித்தவன், பந்தைத் தொட்டதில்லை.

அந்த ஆண்டு தொடர்ந்து தோற்றோம். பாதி சீசனில் பழைய கோச்சை அனுப்பிவிட்டு, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தோம். முதலாளி அவரிடம் வெளிப்படையாகவே சொன்னார்: அணி முதல் பிரிவில் நின்றால் வேலை நிலைக்கும், கீழே இறங்கினால் கிடையாது. அவர் குடும்பத்தோடு வந்துவிட்டார். மகளை இங்கே பள்ளியில் சேர்த்தார்.

முதலில் ஜெர்சி கேட்டார். நாங்கள் தைத்துக் கொடுத்த காட்டன் பனியன் வியர்வையில் ஈரச்சாக்கு மாதிரித் தொங்கும். பாலியஸ்டர் வாங்கலாமே என்றார். முதலாளி சிரித்தார். "ஏனுங்க கோச், ஊர் ஒலகத்துக்கே பனியன் போடறவன் கடையில பனியன் வாங்குனா சிரிக்க மாட்டாங்களா?"

அதைக் கோச் விட்டுவிட்டார். என்னிடம் கேட்டதை மட்டும் விடவில்லை. "மேட்சுக்கு முந்தின நாள் பயலுவள யாரும் தொடக்கூடாது சார். உங்ககிட்ட இது ஒண்ணுதான் கேக்கேன்."

எங்கள் வழக்கம் தெரிந்துதான் கேட்டார். ஷிப்மென்ட் நெருக்கினால் அக்கவுண்டன்ட் முதல் டிரைவர் வரை எல்லோரும் பேக்கிங் மேஜைக்குப் போய்விடுவோம். நானே அட்டைப்பெட்டி ஒட்டியிருக்கிறேன். சரி என்றேன்.

அணி ஜெயிக்கத் தொடங்கியது. அழகான ஆட்டம் இல்லை. ஆனால் பந்து கைமாறியதும் ஐந்து பேரும் திரும்பி ஓடினார்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் தப்பித்துவிடலாம் என்ற நிலை வந்தது.

முந்தின நாள் கோச் போட்டி நடத்துகிறவர்களின் கூட்டத்துக்காகக் கோவை போயிருந்தார். பீகார் பையன்கள் பூஜைக்கு ஊர் போய்விட்டதால் பேக்கிங்கில் ஆளில்லை. வாசலில் கன்டெய்னர் நின்றது. நான் கோர்ட்டுக்குப் போனேன். பெருமாநல்லூர்ப் பையனான கேப்டன் தயங்கினான். "கோச் வந்தா வைவாருங்க சார்."

"ஒரு மணி நேரந்தான் கண்ணு."

"உங்க ஒரு மணி நேரம் எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வந்தார்கள். இருட்டும் வரை பெட்டி தூக்கினார்கள். கன்டெய்னர் போனது. முதலாளி என் தோளைத் தட்டி, "எப்படீங்க சார் முடிச்சீங்க?" என்றார். ஆள் யார் என்று நான் சொல்லவில்லை.

ஞாயிறன்று பாதி ஆட்டத்துக்குப் பிறகு பையன்களால் கையைத் தூக்க முடியவில்லை. தோற்றோம்.

மறுநாள் முதலாளியின் அறையில் கோச், கேப்டன், நான். "பசங்களுக்கு என்னங்க ஆச்சு? பொணமாட்ட நின்னாங்க" என்றார் முதலாளி.

கோச் என்னைப் பார்த்தார். "சார் சொல்லட்டும்." அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நானாகச் சொல்வேன் என்று நம்பினார்.

கன்டெய்னரை நேரத்துக்கு அனுப்பிய நல்ல பெயர் எனக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. "பயிற்சி கொஞ்சம் அதிகமாப் போச்சுங்க" என்றேன்.

கேப்டன் தரையைப் பார்த்தான். கோச் சண்டை போடவில்லை. "நல்லா இருங்க சார்" என்று எழுந்து போனார். படிப்பு பாதியில் நிற்க, மகளையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்.

முதலாளி என் பொய்யை முழுதாக நம்பிவிட்டார். அடுத்த சீசனில் பயிற்சியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். குறைத்தவனும் நானே. இரண்டாம் பிரிவிலும் தோற்று அணி கலைந்தது. விரும்பியவர்கள் பேக்கிங்கில் இருக்கலாம் என்றார்கள். கேப்டன் இருந்துகொண்டான்.

ஓய்வு பெற்ற பின் ஒருநாள் கம்பெனிப் பக்கம் போனேன். கேப்டன் பேக்கிங் மேஜையில் பனியன் மடித்துக்கொண்டிருந்தான். "வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"இப்பப் பயிற்சியே இல்லீங்களே சார். ஒடம்பு நல்லா இருக்குதுங்க."

பக்கத்து மேஜையில் யாரும் சிரிக்கவில்லை. அவன் எனக்கு டீ சொல்லி அனுப்பினான். அது வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.