செய்தவரை மறைத்த வாக்குமூலம்

ஒரு பெண் தமிழில் சொன்ன வாக்குமூலத்தை நான் ஆங்கிலத்தில் மாற்றி எழுதினேன். தவறுதலாக அல்ல, தெரிந்தே எழுதினேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டிய நேரத்தில் தாளில் இல்லாததை வாசித்தேன். இருபது வருடங்களுக்கு மேல் இதை யாரிடமும் சொல்லவில்லை.

நான் மாத்தளை நகரில் ஆங்கிலம் படிப்பித்தவன். உயர்தர வகுப்பில் ஒரு வாக்கியத்தின் பொருளைப் பிரித்துக் காட்டுவது எனக்குப் பிடித்த பாடம். ஒவ்வொரு வினைச்சொல்லும் சிலருக்கு வேலை கொடுக்கிறது என்பேன். வெட்டுவது என்றால் வெட்டியவர் ஒருவர் வேண்டும், வெட்டுப்பட்டது ஒன்று வேண்டும், கருவியும் ஒன்று இருக்கலாம். ஆங்கிலத்தில் இவற்றில் எதையும் வாக்கியத்தின் முதலிடத்தில் உட்கார வைத்துவிடலாம். ‘காவலாளி சாவியால் கதவைத் திறந்தான்’ என்று சொல்லலாம். ‘சாவி கதவைத் திறந்தது’ என்றும் சொல்லலாம். ‘கதவு திறந்தது’ என்றுகூடச் சொல்லலாம். காவலாளி எங்கே போனான் என்று கேட்பேன். “டீ குடிக்கப் போயிட்டான் சேர்” என்று பின்வரிசையிலிருந்து பதில் வரும். முதலிடத்தில் இருப்பதெல்லாம் செய்தது என்று நம்பிவிடாதீர்கள், யார் செய்தார், யாருக்கு நேர்ந்தது என்று தேடுங்கள் என்பேன்.

என் தங்கையின் கணவர் நகரத்துக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்தார். தோட்டத்துத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். உறைந்த ரப்பர் பாலை ரோலரில் இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்து ஷீட்டாக இழுப்பது அங்கே நடக்கும் வேலை. கை அகப்படாமலிருக்க முன்னால் ஓர் இரும்புத் தடுப்பு உண்டு. அது இருந்தால் வேலை மெதுவாகிறது என்று மைத்துனர் அதைக் கழற்றி மூலையில் வைத்திருந்தார். ஒரு நாள் காலை, அங்கே வேலை செய்த ஒரு பெண்ணின் வலது கை ரோலருக்குள் போனது. இப்படி எழுதுவதுகூடச் சரியில்லை. ரோலர் அவருடைய கையை இழுத்தது. நான்கு விரல்கள் போயின.

கொழும்பில் இருந்த காப்புறுதிக் கம்பெனி ஆங்கிலத்தில் வாக்குமூலம் கேட்டது. தொழிலாளி தமிழில் சொல்வார், ஆங்கிலம் தெரிந்தவர் எழுதுவார், பிறகு எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். அதுதான் தோட்டத்து வழக்கம். கிளார்க் லீவில் இருந்ததால் தோட்டத்தை நிர்வகித்த துரை என்னை வரச் சொன்னார். நான் யாருடைய மைத்துனன் என்பது அவருக்குத் தெரியும்.

அதற்கு முதல் நாள் தங்கை கைக்குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

“அண்ணே, இவரு வேல போனா குவாட்டர்ஸும் போயிரும். புள்ளைய தூக்கிக்கிட்டு நான் எங்க போறது?”

நான் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிப் போனாள்.

அந்தப் பெண் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்து ஆபீசில் என் எதிரே உட்கார்ந்தார். புருஷன் இல்லாதவர். பத்து வயதில் ஒரு மகள். சுருக்கமாகத்தான் பேசினார்.

“தடுப்ப ஸ்டோர் ஐயா கழட்டிட்டாருங்க சேர். மாட்டி வைங்கன்னு ரெண்டு தடவ கேட்டேன். ‘ஒனக்கு கண்ணு இல்லையா, பாத்துப் போடு’ன்னு ஏசினாரு. ஷீட்டு கையில ஒட்டிக்கிச்சு, ரோலரு அப்புடியே இழுத்துருச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க.”

நான் ஆங்கிலத்தில் எழுதியது இரண்டு வரி. ‘அந்த நேரம் தடுப்பு அதன் இடத்தில் இருக்கவில்லை. நான் என் கையை ரோலருக்குள் விட்டேன்.’ முதல் வரியில் கழற்றியவர் காணாமல் போனார். இரண்டாவது வரியில் வலி பட்டவர் குற்றம் செய்தவர் ஆனார். இலக்கணப்படி பிழை சொல்ல யாராலும் முடியாது. வகுப்பில் எதைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தேனோ அதையே நான் செய்தேன்.

பிறகு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே தமிழில் வாசித்தேன்.

“அப்புடியே எழுதியிருக்கீங்க சேர்” என்றார்.

அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். போட விரல்கள் இல்லை. இடது கைப் பெருவிரலை நானே பிடித்து மையில் வைத்து அழுத்தினேன்.

அவருடைய கவனக்குறைவுதான் காரணம், நட்டஈடு கிடையாது என்று கம்பெனி எழுதிவிட்டது. வேலை நின்றது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவையும் விடச் சொன்னார்கள். ‘வாயடிச்சிக்கிட்டே கையக் குடுத்தவ’ என்று லயத்தில் அவருக்குப் பெயர் வந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு நாவுலப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். என் மைத்துனர் பதவி உயர்ந்து, ஓய்வுபெற்று, போன வருடம் காலமானார். அவர் போன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

புதிதாக ஒரு கடிதம் எழுதினேன், ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. ஆங்கிலத்தைக் கம்பெனிக்கு அனுப்பினேன். பதில் இல்லை. தமிழை எடுத்துக்கொண்டு விசாரித்து விசாரித்து நாவுலவுக்குப் போனேன். அவர் ஒரு தகரக் கொட்டிலில் இடது கையால் வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள், முப்பது வயதைத் தாண்டியவள். யாரென்று சொன்னதும் அவர் அடையாளம் கண்டுகொண்டு, உட்காரப் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டார்.

நான் நின்றபடியே வாசித்தேன். என் மைத்துனர் தடுப்பைக் கழற்றினார், ரோலர் கையை இழுத்தது என்ற இடத்தில் அவர் மறித்தார்.

“அன்னைக்கி நீங்க வாசிச்சதும் இதுதானே சேர்?”

நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. உண்மை எழுதப்பட்டும் யாரும் நம்பவில்லை என்றுதான் அவர் இத்தனை வருடமும் நினைத்திருந்தார்.

“அப்ப நான் சொன்னது கொழும்புக்குப் போகவே இல்லையா?”

“இல்லம்மா.”

மகள் எழுந்துவிட்டாள். “ஒன்னாலதான் நான் பள்ளிக்கூடத்த விட்டேன், கவனமா இருந்திருந்தா இந்தக் கெதி வருமான்னு எங்கம்மாவ எத்தன தடவ ஏசியிருப்பேன் தெரியுமா? அவங்க சொன்னத நான் நம்பலையே சேர். கம்பெனி எழுதின பேப்பரத்தானே நம்பினேன்.”

தாய் அவளை அதட்டவில்லை. என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “எனக்கு இங்க வாசிச்சு என்னா பிரயோசனம்? என்னப் பாத்துச் சிரிச்சவங்க தோட்டத்துலதானே இருக்காங்க. அங்க போயி வாசிங்க.”

விஷயம் தெரிந்து தங்கை போனில் அழுதாள். “செத்து வருசம் திரும்பல. அந்த மனுசன தெருவுல இழுத்துப் போடப் போறீங்களா அண்ணே?” அவருடைய பெயரோடு என் பெயரையும் சேர்த்துத்தான் வாசிப்பேன் என்றேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

போன மாதம் அந்தத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில், காலையில் வேலை பிரிக்கக் கூடுகிறவர்கள் முன்னால் நின்று வாசித்தேன். முப்பது பேர் இருந்திருப்பார்கள். பாதிப் பேருக்கு யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்றே தெரியவில்லை. “ஏன் தாத்தா, இப்பத்தான் ஞாபகம் வந்திச்சா?” என்று ஒரு பெண் கேட்டாள். ஒரு முதியவர் மட்டும், “அவ அப்பவே சொன்னா. நாங்கதான் கேக்கல” என்று தலையைக் குனிந்தார். தாய் வரவில்லை. மகள் வந்திருந்தாள், முழுவதையும் போனில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள்.

மறுநாள் அவளே அழைத்தாள். தாய்க்குப் போட்டுக் காட்டினாளாம். முழுவதையும் கேட்டுவிட்டு, பக்கத்துக் காம்பராவில் இருந்த பெண் அங்கே நின்றாளா என்று மட்டும் கேட்டாராம். முதன்முதலில் ‘கையக் குடுத்தவ’ என்ற பெயரை வைத்தவர் அந்தப் பெண்தான்.

“அவங்க செத்து நாலு வருசமாச்சாம். அங்க விசாரிச்சேன். அதச் சொன்னேன்” என்றாள்.

“அம்மா என்ன சொன்னாங்க?”

“நான் அவங்க காலப் புடிச்சு அழுதேன். ‘சரி, எந்திரி, சாப்புடு’ன்னாங்க.” பிறகு சொன்னாள்: “நீங்க இனிமே இங்க வர வேண்டாம் சேர். அவங்க சொல்லல, நான்தான் சொல்றேன்.”

சரி என்றேன்.