பின்பாட்டுக்கு விட்ட இடம்

அந்தக் கேசட் இப்போதும் என் தலைமாட்டில்தான் இருக்கிறது. உள்ளே நாடா அறுந்து சுருண்டு கிடக்கிறது. "ஓடாத கேசட்டை எதுக்கும்மா வச்சிருக்க?" என்கிறாள் மகள். அதில் பாடியவர் அவளுடைய அப்பா. எழுதியதும் மெட்டுக் கட்டியதும் அவரேதான். என்னோடு வயலில் கூலிக்கு நின்ற மனுஷன்.

எட்டே பாட்டு. அதற்கு அவர் படுத்திய பாடு இருக்கிறதே, அப்பப்பா! நாற்று விடுவதில் தொடங்கிக் களத்தில் நெல் தூற்றுவதுவரை ஒரு வரிசை வைத்திருந்தார். ஒன்றை முன்பின் மாற்ற விடமாட்டார். நடவுப் பாட்டின் தாளம் நடுகிறவள் கைக்கு ஒத்துவர வேண்டுமாம். என்னைச் சேற்றில் இறக்கிவிட்டு வரப்பில் நின்று பாடுவார்.

"கை தடுமாறுதா, சொல்லு."

"கை தடுமாறல, இடுப்புதான் ஒடியுது. பாட்டு உங்களுக்கு, வலி மட்டும் எனக்கா?"

சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுப்பார். மழைப் பாட்டுக்கு முறத்தில் நெல் உதிர்த்துச் சத்தம் பிடித்தார். பதரில் அந்தச் சத்தம் வரவில்லை என்று விதைநெல்லிலேயே கை வைத்துவிட்டார். அன்றைக்கு நான் திட்டியது தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

அத்தனையும் கடைசிப் பாட்டுக்காகத்தான் என்பது எனக்குத் தெரியும். அவருக்குப் பின்பாட்டுப் பாடியவர் என் அண்ணன். இவர் ஓரடி பாட, அண்ணன் அடுத்த அடியை வாங்கிப் பாடுவார். மேடைக்கு மேடை நிலம் தருகிறோம் என்று பேசிய காலம் அது. எங்களுக்கு நிலம் வரவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட அறுப்புத் தகராறில் பண்ணையின் அடியாட்கள் அண்ணனை அடித்தே கொன்றுபோட்டார்கள். அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. குரலும் எதிலும் பதிவாகவில்லை.

மாயவரத்தில் கேசட் பதிவு நடந்தபோது நானும் கூடப் போயிருந்தேன். கடைசிப் பாட்டில் அண்ணனுடைய அடி வரும் இடத்தில் இவர் வாயை மூடிக்கொண்டார். தாளமும் நின்றது. ஓரடி பாடும் நேரம் சும்மா நின்றுவிட்டு, பிசகாமல் அடுத்த அடியை எடுத்தார். பதிவுக்காரர் பதறிப்போனார்.

"கேசட் கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் கொண்டாந்துடுவாங்க. வேற யாரையாச்சும் பாட வைங்க."

"மச்சான் பாடி முடிக்கட்டுங்க" என்றார் இவர். நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன்.

இவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன பொங்கலுக்கு மகள் ஆசையாக அந்தப் பாட்டுகளைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். இரைச்சலெல்லாம் போய், பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது. கடைசிப் பாட்டும் வந்தது. அண்ணனுடைய இடத்தைக் காணோம்!

"அங்க ஒண்ணுமே இல்லம்மா, வெறுமனே கிடந்துச்சு. வெட்டிட்டேன்."

படியெடுக்கும்போதே நாடாவும் அறுந்துவிட்டது. வெட்டாத பதிவு அவளிடமும் இல்லை. அவளைத் திட்ட வாய் வரவில்லை. மாமன் குரலை அவள் எங்கே கேட்டாள்? எனக்குத்தான் அண்ணனை இன்னொரு தடவை வாரிக்கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

இப்போதெல்லாம் கேசட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் போனில் பாட்டைப் போடுகிறேன். அந்த இடம் வந்ததும் கட்டைவிரலால் அழுத்தி நிறுத்திவிடுவேன்.

"என்னம்மா, நின்னுபோச்சா?" என்று உள்ளேயிருந்து மகள் கேட்பாள்.

"இருடி. உன் மாமன் பாடிக்கிட்டிருக்காரு."