கழுவாம கொண்டாங்க

மெஹருன்னிசா போய்விட்ட செய்தி வந்தபோது, இண்டூர் பேருந்து நிறுத்தத்தில் நின்று, வராத பேருந்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் தம்பி கூப்பிட்டான். “அக்கா மவுத்தாயிட்டாங்க, சாந்திக்கா. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள...” பேருந்து வந்து, போயும்விட்டது.

அவளைத் தெரிந்தவர்கள்தான் இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கப் போகிறீர்கள். ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல் இருக்கிறது. தருமபுரியில் எங்கள் ரப்பர் கம்பெனியின் வடிவமைப்பு அறையில் எங்கள் மேசைகள் எதிரெதிரே கிடந்தன. ஆயில் சீல் வரைவது எங்கள் வேலை. சுழலும் ஷாஃப்ட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் நடுவே உட்கார்ந்து, எண்ணெயை வெளியே விடாமல், தூசியை உள்ளே விடாமல் காக்கிற ரப்பர் வளையம் அது. ஷாஃப்ட்டைத் தொடும் மெல்லிய விளிம்பை உதடு என்போம். “ரொம்ப இறுக்கிப் புடிச்சா எரிஞ்சி போயிடும். லேசா நனையற அளவுக்கு எண்ணெய விடணும்” என்பாள். நான் முன்கோபக்காரி. யாரிடமாவது எரிந்து விழுந்தால், எதிர் மேசையிலிருந்து குரல் வரும்: “சாந்தி, கொஞ்சம் எண்ணெய விடுடி.” இப்போது அப்படிச் சொல்ல ஆளில்லை.

கெட்டுப்போன சீலைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களிடம் அவள் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: “கழுவாம கொண்டாங்க.” எந்தப் பக்கம் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால்தான் ஏன் கெட்டது என்று தெரியும். ஆனால் நம் ஊர்க்காரர்கள் கேட்பார்களா? பாப்பாரப்பட்டிப் பக்கம் மரவள்ளிக்கிழங்கு அரைக்கும் ஆலை வைத்திருந்த மாதப்பன், ஒவ்வொரு முறையும் சீலை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, புதுக் கவரில் போட்டுக் கொண்டுவருவார். “பொம்பளைங்க கையில அழுக்கோட எப்பிடிங்க குடுக்கறது?” என்பார்.

கிழங்கு வரத்து உச்சத்தில் இருந்த நேரம். சீல் கெட்டு, பேரிங் எரிந்து ஆலை நின்றால், குவிந்த கிழங்கெல்லாம் அழுகிவிடும். மெஹரு என்னையும் இழுத்துக்கொண்டு ஆலைக்கே போனாள். சீலைத் துடைக்க விடாமல் கழற்றினோம். எண்ணெய்ப் பக்கம் உதடு நன்றாகவே இருந்தது. வெளிப்பக்கம்தான் மாவு அப்பிக் கிடந்தது. வேலை முடிந்ததும் ஓர் ஆள் ஓஸ் பைப்பைப் பிடித்து இயந்திரத்தைக் கழுவ ஆரம்பித்தார். தண்ணீர் நேராக ஷாஃப்ட்டின் மேலேயே அடித்தது. மெஹரு என் தோளைத் தட்டினாள். “உள்ள இருக்கறது வெளிய வரலடி. வெளிய இருக்கறத இவங்களே உள்ள அனுப்பறாங்க.”

“கழுவக் கூடாதுன்னு சொல்லிடலாம்” என்றேன்.

“மாவு அரைக்கிற எடத்தக் கழுவாம இருப்பாங்களா? கழுவுவாங்கன்னு நெனச்சே நாமதான் வரையணும்.”

அப்படியே வரைந்தாள். வெளியே பார்த்தபடி இன்னோர் உதடு, இரண்டுக்கும் நடுவே கிரீஸ், தண்ணீர் நேராக அடிக்காதபடி முன்னால் ஒரு தகடு. அந்தப் பருவம் முழுக்க ஆலை நிற்கவில்லை. மாதப்பன் ஒரு மூட்டை கிழங்கோடு வந்தார், அதையும் கழுவி.

அவள் போன பிறகு எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அவள் கைக்கரி பட்டதாக ஏதாவது ஒன்று வேண்டும். ரப்பரில் கரித்தூள் கலக்கும் அறைக்குப் போய் வந்தால் அவள் விரலெல்லாம் கரி ஏறியிருக்கும். அதை வேலைக்கோட்டிலேயே துடைப்பாள். அந்தக் கோட்டைத் தம்பியிடம் கேட்டேன். மறுநாளே கொண்டுவந்தான். “தொவச்சி, இஸ்திரி போட்டுக் கொண்டாந்திருக்கேன்க்கா.” கோட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. முகத்தில் வைத்துப் பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. அவன் எதிரிலேயே அழுதேன். அவன் மேல் என்ன தப்பு?

வெள்ளிக்கிழமை வந்தது. பூசைக்கு முன்னால் கம்பெனி முழுக்கக் கழுவுவது எங்கள் வழக்கம். மெஹரு இருந்தவரை தன் மேசைப் பக்கம் யாரையும் அண்ட விடமாட்டாள். அன்று துப்புரவு வேலை பார்க்கும் செல்வி, வாளியும் துணியுமாக அங்கேதான் முதலில் போனாள். அப்போதுதான் பார்த்தேன். மெஹருவின் மேசையருகே பச்சைச் சன்னல் கதவில், அவள் தள்ளித் திறக்கும் இடத்தில், கரி படிந்த கட்டைவிரல் ரேகை. “கையக் கழுவிட்டுத் தொடேன்டி” என்று எத்தனை முறை அவளிடம் கத்தியிருப்பேன்.

“செல்வி, கொஞ்சம் பொறு” என்றேன். கழுவாதே என்று சொல்லவில்லை. இன்று சொன்னால் இன்று விடுவாள், அடுத்த வெள்ளி மறந்துவிடுவாள். கண்ணாடித்தாளில் ஒரு துண்டு வெட்டி ரேகையின் மேல் வைத்து, நீர் புகாதபடி நாலு ஓரமும் அழுத்தி ஒட்டினேன்.

“இப்பத் தொடைக்கட்டாக்கா?” என்றாள் செல்வி.

“நல்லாத் தொடை.”

ஈரத்துணி அதன் மேல் போய் வந்தது. மெஹருவின் விரல் அப்படியே இருந்தது.