பூட்டிய வீட்டுக்குச் சொந்தக்காரி

அந்த வட்டாரத்தில் அவளைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் கண்டுபிடித்து, சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து, விற்கிற எண்ணம் உண்டா என்று கேட்பது அவள் வேலை. வாங்குவது அவளுடைய முதலாளி. பழைய வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கி, வெள்ளையடித்துக் கைமாற்றிவிடுவார். பேரம் படிந்தால் அவளுக்குக் கமிஷன். படியாவிட்டால் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

வாசலில் பெருக்காத சருகு, கேட் இடுக்கில் மழையில் ஊறி உப்பிய கரண்ட் பில், சுற்றாத மீட்டர். இவற்றைப் பார்த்தாலே ஆளில்லாத வீடு என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் பாடு. துணி தேய்ப்பவரைக் கேட்க வேண்டும், சிலிண்டர் போடுகிறவரைக் கேட்க வேண்டும், வரி ஆபீசில் ஜன்னல் ஜன்னலாக நிற்க வேண்டும். ஒருவழியாக நம்பர் கிடைத்துப் பேசினால், "என் வீட்டப் பத்தி உனக்கென்ன?" என்று போனை வைத்துவிடுவார்கள். கணவர் முதுகெலும்பில் அடிபட்டு வீட்டோடு முடங்கியபோது கிடைத்த வேலை இது. வேறு தேடலாம் என்று நினைத்து நினைத்தே வருஷங்கள் ஓடிவிட்டன.

தையல் கடையை ஒட்டிய வீடு ரொம்ப நாளாகப் பூட்டியிருந்தது. தையல்காரருக்குத் தெரிந்ததெல்லாம், அந்த வீட்டுப் பெண் நர்ஸ், அம்மா இறந்ததும் பூட்டிவிட்டு வெளியூர் போய்விட்டாள் என்பதுதான். அவள் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை நடந்து, கேன்டீன்காரம்மாவிடம் நம்பர் வாங்கினாள் பூட்டக்கா.

"விக்கறதா இல்லீங்க," என்றாள் நர்ஸ். ஆனால் போனை வைக்கவில்லை. "இந்த வெயில்லயா அலையறீங்க? எங்கயாவது உக்காந்து தண்ணி குடிங்க."

முதலாளி விடவில்லை. மாதாமாதம் கூப்பிடச் சொன்னார். அவளும் கூப்பிட்டாள். நர்ஸும் மாதாமாதம் மாட்டேன் என்றாள். பிறகு இருவரும் கால்வலியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொள்வார்கள்.

ஒரு மழைக்காலத்தில் தையல்காரர் வழிமறித்தார். "அந்த வீட்டுத் தண்ணி என் சுவத்துல இறங்குது. துணியெல்லாம் பூஞ்சை புடிக்குது. நீங்கதான் அவங்ககிட்ட பேசறீங்களாமே."

பூட்டக்கா போனில் விஷயத்தைச் சொன்னாள். நர்ஸ், "சாவி அனுப்பறேன். நீங்களே போய்ப் பாருங்க. எனக்கு லீவும் இல்ல, தைரியமும் இல்ல," என்றாள்.

சாவி வந்ததைக் கேட்ட முதலாளிக்கு முகமெல்லாம் பல். "கூரை எப்ப வேணா விழும்னு சொல்லு. பயந்துபோய்க் குடுத்துருவா."

உள்ளே புழுக்க வாடை. கட்டில்மேல் மடித்து வைத்த போர்வை, பக்கத்தில் பாதி தீர்ந்த மருந்து பாட்டில். சமையலறையில் ஒரு குழாய் துருப்பிடித்து ஒழுகியது. வால்வை மூடினாள். மாடிக்குப் போய்ப் பார்த்தாள். கூரை கல்லு மாதிரி இருந்தது. படியிலேயே உட்கார்ந்து போன் போட்டாள்.

"வீடு மோசமா இருக்காக்கா?"

பொய் சொன்னால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த மாதமும் அதே பொய்யைச் சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் அவளுக்குத் தெம்பில்லை. "ஒரு குழாய்தான் போயிருக்கு. பிளம்பர் வந்தா அரை நாள் வேலை. மத்தபடி நல்லாத்தான் இருக்கு."

"அம்மா ரூமு?"

"தூசிதான். போர்வை மடிச்சபடியே இருக்கு."

மறுமுனையில் அழுகிற சத்தம் கேட்டது. பூட்டக்கா போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

நர்ஸ் விற்கவில்லை. குழாயைச் சரிசெய்து, தையல்காரரின் மகள் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டாள். முதலாளி கத்தித் தீர்த்தார். "உன்னை வச்சுகிட்டு நான் கடைய மூட வேண்டியதுதான்." ஆனாலும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. இவ்வளவு நடக்கிற ஆள் வேறு யார் கிடைப்பார்கள்?

அன்று வீட்டுக்கு வந்து கால்களை வெந்நீரில் வைத்தபோது கணவர் கேட்டார். "அந்த நர்ஸு வீடு என்னாச்சு?"

"ஆளு வந்துட்டாங்க."

"அப்ப நமக்கு?"

"நமக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு ரயில்வே லைன் பக்கம் போகணும். அங்க நாலஞ்சு வீடு பூட்டியிருக்காம்."

அவர் மெல்ல நகர்ந்து வந்து, ஆறிய வெந்நீரில் இன்னும் கொஞ்சம் சூடாக ஊற்றினார்.