ரிஜெக்‌ஷன் பீஸோடு நிற்க வைத்த காலைகள்

கும்மிடிப்பூண்டியில் ஒரு மெஷின் ஷாப்பில் பதினெட்டு வருஷம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். புதிதாக அந்த நாற்காலிக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் பெருமை சேர்க்கும் கதை இல்லை.

1. காலை மீட்டிங்

எங்கள் லைனில் ஒரு வழக்கம். முந்தின நாள் யார் மெஷினில் அளவு தப்பி ரிஜெக்‌ஷன் விழுந்ததோ, அவர் அந்த பீஸைக் கையில் பிடித்துக்கொண்டு காலை மீட்டிங்கில் எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டும். ஆரம்பித்து வைத்த புண்ணியவான் நான்தான். ரிஜெக்‌ஷன் குறைந்தது, மேனேஜர் முதுகில் தட்டினார், எனக்குத் தலைகால் புரியவில்லை.

தேவராஜ் ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வரும் சி.என்.சி. ஆபரேட்டர். முப்பது வயது, வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் ஒரு வாரத்தில் மட்டும் மூன்று நாள் நிற்க வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள், பீஸை வாங்க நான் கையை நீட்டியதும் சட்டென்று முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"இன்னாடா, அடிச்சிடுவேன்னு பயந்துட்டியா?" என்றேன். லைனே சிரித்தது. நானும் சிரித்தேன்.

2. லாக்கர் சாவி

மறுநாள் நாஷ்டா நேரத்தில் பக்கத்து மெஷின் குமார் வந்தான்.

"சார், தேவா லாக்கர் சாவி, புது ஷூ எல்லாம் என்கிட்ட குட்த்துட்டான். இனிமே தேவப்படாதுன்றான். மூஞ்சே சரியில்ல."

"வேற கம்பெனி பாத்துக்கினு இருப்பான். நீ போய் மெஷினப் பாரு."

குமார் என்னை நம்பாமல் நேரே ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குப் போய்ச் சொல்லிவிட்டான். நான் விஷயம் தெரிந்து அங்கே போனபோது, நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் தேவாவை உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"செத்துடலாம்னு தோணுதாப்பா?"

"இன்னா சிஸ்டர், இல்லாத நெனப்ப நீங்களே உண்டாக்குறீங்க?" என்றேன்.

"கேட்டா நெனப்பு வராது சார். கேக்காம உட்டாதான் ஒண்டியா கெடந்து தவிப்பாங்க."

தேவா ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். பிறகு அழுதான்.

ஒரு நிமிஷமும் தனியே விடாமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். மனநல டாக்டருக்காகக் காத்திருந்தபோது அவனே பேசினான்.

"எங்கம்மா தானா உசுர உட்டப்போ எனக்கு ஏழு வயசு சார். மாமா ஊட்லதான் வளந்தேன். தட்டு ஒடஞ்சா அடிச்சிட்டு, ஒடஞ்ச தட்ட கையில குட்த்து தெருவுல நிக்க வெப்பாரு."

இப்படியொரு நிலைக்கு ஒரே காரணம் இருக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். அது சரியாக இருக்கலாம். ஆனால் சின்ன வயதில் பட்ட புண்ணை, தினமும் காலையில் குத்திக் கிளறியவன் நான்.

3. அதற்குப் பிறகு

அந்த வழக்கத்தை நிறுத்தினேன். முகம் வாடியவனிடம் நேரடியாகக் கேட்க வேண்டும், தனியே விடக்கூடாது, டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். இத்தனையும் சிஸ்டரிடம் நான் கற்றது. ஒருவன் சின்ன வயதில் என்ன பட்டான் என்று தெரிந்த பிறகுதான் மரியாதையாக நடத்துவேன் என்றால், அந்த மரியாதை எதற்கு?

சிகிச்சை எடுத்துக்கொண்டு தேவா இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பினான். அன்றே அவனிடம் போனேன்.

"மன்னிச்சிடு தேவா."

"பரவால்ல சார். எங்க மாமாவும் அப்பறமா வந்து இப்டிதான் சொல்வாரு."

அதன் பிறகு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. தினமும் அவன் மெஷினுக்குப் போய், "ராத்திரி தூங்கினியா?" என்று மட்டும் கேட்பேன். பல மாதம் தலையாட்டலோடு சரி.

ஒருநாள், "தூங்கினேன் சார். நீங்க?" என்றான்.