நாலாவது ஆல்பத்தில் ஒரு விசில்

பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு மேல்மாடியில், ஜன்னலோரமாக உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாகப் பல் செட் செய்து வந்தார் அவர். தெருவில் எல்லோருக்கும் பல்லக்கா. கீழே டாக்டரம்மா அச்செடுத்து அனுப்புவார். மேலே இவர் மெழுகில் பல் பதித்து, வார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கி இறக்கிவிடுவார். தூசிக்கு முகமூடி. மெஷினின் இரைச்சலுக்குப் பாட்டு.

பாட்டென்றால் ஒரே ஒருவருடைய பாட்டுதான். முன்பு சிடி பிளேயர் வாங்கியபோது, "விக்காம கெடக்கு, சும்மா எடுத்துட்டுப் போங்க" என்று கடைக்காரர் ஒரு ஆல்பத்தைக் கையில் திணித்தார். கிடாரை வைத்துக்கொண்டு நாட்டுப்பாட்டு மெட்டில் தானே எழுதித் தானே பாடும் ஒருவர். ஊர் உலகத்துக்குத் தெரியாத ஆள். அன்றிலிருந்து அவர் எப்போது ஆல்பம் போட்டாலும் பல்லக்கா தேடிப்பிடித்து வாங்கிவிடுவார்.

முதல் ஆல்பத்தில் கைதட்டல் அதிகம், கல்யாண வீடு மாதிரி. இரண்டாவதில் தாளக்காரர் இல்லை. மேசையைத் தட்டியே முழுக்கப் பாடியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் இருமல் சுவர் வழியாகக் கேட்பதைப் பற்றி அதில் ஒரு பாட்டு. இருமல் கேட்காத நாளில் பாடுகிறவரே போய்க் கதவைத் தட்டுவதோடு அது முடியும். மூன்றாவதில் அவருடைய மனைவியும் சேர்ந்து பாடினார். அந்த அம்மா ஓரிடத்தில் சுருதி விலகுவார். திருத்தாமல் இவரும் கூடவே விலகுவார். அந்த இடம் வரும்போதெல்லாம் பல்லக்கா மெஷினை நிறுத்திவிடுவார்.

"அந்த ஆளு பாட்டைக் கேக்கறது உலகத்துலயே ரெண்டு பேருதான். ஒண்ணு நீ, இன்னொண்ணு அவர் பொண்டாட்டி" என்பார் பள்ளிக்கூட வேன் ஓட்டும் வீட்டுக்காரர்.

"அந்தம்மா கேக்கறாங்களோ என்னவோ, நான் கேக்கறேன்."

நாலாவது ஆல்பம் வந்த அன்று முதல் பாட்டிலேயே பல்லக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். 'ச' வரும் இடங்களில் மெல்லிய விசில். மூன்று முறை திருப்பிப் போட்டார். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "ஏங்க, இவருக்கு மேல முன்பல்லு போயிருக்கு. கட்டின பல்லு சரியா அமையல."

"பாட்டுல பல்லு தெரியுதா உனக்கு?"

"பல்லு போனா சொல்லு போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க?"

இரண்டு நாள் யோசித்தார். அடுத்தவர் வாயைப் பற்றிப் பேசலாமா? கடைசியில் ஆல்பத்தின் அட்டைக்குப் பின்புறமிருந்த முகவரிக்கு நாலே வரியில் கடிதம் எழுதி, கீழே போன் நம்பரும் போட்டார்.

மூன்று வாரம் கழித்து, மத்தியானம் போன் வந்தது. "லெட்டர் எழுதினது நீங்கதானே? பாடறவன் பேசறேன்."

பல்லக்கா மெஷினை நிறுத்தினார்.

"நீங்க சொன்னது சரிங்க. படியில விழுந்து ரெண்டு பல்லு போச்சு. வீட்ல கூட விசில் கேக்கலன்னுதான் சொல்றாங்க. எனக்குக் கேக்குது. இனிமே பாட வேணாம்னு இருந்தேன்."

"பல்லுக்காகப் பாட்டை விடுவாங்களா? கெளம்பி வாங்க" என்றார் பல்லக்கா. சொன்ன பிறகுதான் யாரை அதட்டினோம் என்று உறைத்தது.

அடுத்த வாரமே வந்தார். குட்டையான, கூச்ச சுபாவக்காரர். கீழே டாக்டரம்மா அச்செடுத்தார். மெழுகில் பல் பதித்து வாயில் வைத்துப் பார்க்கும் நாளன்று, பல்லக்காவும் இறங்கிப்போய்ப் பக்கத்தில் நின்றார்.

"பாடுங்க. 'ச' நெறைய வர்ற பாட்டா."

விசில் வந்தது. கழற்றி வாங்கி, முன்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தை ஒட்டும் இடத்தில் மயிரிழை அளவு சுரண்டினார் பல்லக்கா. அவர் மறுபடி பாடினார். மறுபடி சுரண்டல். நாலாவது தடவை விசில் இல்லை. அவர் நிறுத்தவில்லை, இருமல் பாட்டை முழுக்கப் பாடிவிட்டார். வெளியே காத்திருந்தவர்கள் வலியை மறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என் ஆல்பத்துல உங்களுக்கு எது புடிக்கும்?" என்று கேட்டார்.

"ரெண்டாவது."

"அதை யாருமே வாங்கலியே!"

"அதுக்கு நான் என்னங்க பண்றது? அதுலதான் நீங்க யாருக்கும் காட்டணும்னு பாடல."

அவர் புதுப் பல் வெளியே தெரியச் சிரித்தார்.

அடுத்த வருடம் ஐந்தாவது ஆல்பம் தபாலில் வந்தது. இரண்டு நாள் கேட்டுவிட்டுப் பல்லக்காவே போன் போட்டார்.

"ஒவ்வொரு எழுத்தும் கணீர்னு இருக்குங்க. ஆறாவது பாட்டு மட்டும் கொஞ்சம் இழுவை."

"அதையும் சரி பண்ணித் தர்றீங்களா?"

"அந்த வேலையெல்லாம் நாங்க எடுக்கறதில்லைங்க" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே மெஷினைப் போட்டார்.