பிலவேந்திரன் வெட்டி எடுத்த குரல்

விழுப்புரத்திலிருந்து வந்த பேருந்து திண்டிவனம் நிலையத்தில் நின்றதும், கண்டக்டர் படியில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டார். "பெருசு, உன் குரல பாட்டுல போட்டாரே பிலவேந்திரன், அவரு பூட்டாராம். விடியக்காலைல நெஞ்சு வலியாம்." நான் கூவி விற்கிற மல்லாட்டைக் கூடையை, அவித்த வேர்க்கடலைதான், இறக்கி வைத்தேன். அன்று அதற்குப் பிறகு நான் கூவவில்லை. கூவாமலே சிலர் வந்து வாங்கிப் போனார்கள். யாருக்கு என்ன கொடுத்தேன் என்று நினைவில்லை.

பிலவேந்திரனை அறிந்த டிஜே தம்பிகளுக்கும், மைக்செட்காரர்களுக்கும், அவன் ரெக்கார்டிங் ரூமுக்குக் கீழே டீ போடுகிறவருக்கும் இதை எழுதுகிறேன். எழுத்து எனக்கு இப்போதுதான் வந்தது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. அதனால் என்ன? மெதுவாக எழுதினால் அவனோடு கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்கலாம். இந்தத் துக்கத்திலும் அது எனக்குச் சந்தோஷம்.

அவனுடைய வேலைக்குச் சவுண்ட் இன்ஜினியர் என்று பெயர். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் பையன்கள் ஆடுகிற டிஜே பாட்டை விக்கி போன்ற டிஜே தம்பிகள் லேப்டாப்பில் அடித்துக் கொண்டு வருவார்கள். அதைச் சரிசெய்து, கேட்கும்படி ஆக்கித் தருவது பிலவேந்திரன்.

ஒரு நாள் விக்கி என் கூடையைத் தூக்கிக்கொண்டு, "தாத்தா, நீ கூவுறத பாட்டுல போடணும், ஜல்தியா வா" என்று பிலவேந்திரனின் மாடி ரூமுக்கு அழைத்துப் போனான். சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய சின்ன அறை. கதவைச் சாத்தியதும் என் மூச்சே எனக்குக் கேட்டது. முன்னால் மைக். வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. வந்ததுகூடப் பூனைக்குரலாக வந்தது.

"என்னா தாத்தா, ஸ்டாண்டுல ஊரே அதிர கத்துற, இங்க புதுப்பொண்ணாட்டம் வெக்கப்படுற?" என்றான் விக்கி.

"யாருக்கு விக்கிறதுன்னு தெரியலடா. இங்க பஸ்ஸும் இல்ல, ஜனமும் இல்ல."

விக்கி சிரித்தான். பிலவேந்திரன் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான். பஸ் படியில் நிற்கும் கண்டக்டர் மாதிரி கையை வைத்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினான். "கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, விழுப்புரம்! ஏறு ஏறு ஏறு! பெருசு, கூடைய ஓரமா வையி, வண்டி எடுக்கப்போறோம்!" அவ்வளவுதான். வண்டி கிளம்பிவிடுமே என்று எனக்குப் பதறியது. "அவிச்ச மல்லாட்டே... சூடா மல்லாட்டே!" என்று என்னை அறியாமல் கூவினேன். "போதும் தாத்தா, அள்ளிட்டீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டான்.

பாட்டைச் சரிசெய்த அன்றும் நான் அங்கேதான் இருந்தேன். பேஸ் என்கிற கனத்த சத்தத்தை ஏற்றச் சொல்லி விக்கி தகராறு செய்தான். "நெஞ்சு அதிரணும்ண்ணா."

"அதிரும். ஆனா தாத்தா முழுகிப்புடுவாரு." பிலவேந்திரன் என் பக்கம் திரும்பினான். "கண்டக்டர் கத்திக்கினு இருக்கறப்போ நீங்க கூவுவீங்களா தாத்தா?"

"எதுக்கு? அவரு வாய மூடுனதும் கூவுவேன். அப்பதான காதுல உழும்?"

"கேட்டுக்கினியா விக்கி? உன் டிரம்மும் பேஸும் ஒரே நேரத்துல கத்துதுங்க. ஒண்ணு பேசுனா இன்னொண்ணு கொஞ்சம் குனிஞ்சிக்கணும்."

எதையோ திருகினான். ஒவ்வோர் அடி விழும்போதும் மற்ற சத்தமெல்லாம் சற்றுக் குனிந்து நிமிர்ந்தது. என் குரல் வரும் இடத்தில் எல்லாமே விலகி வழிவிட்டது. நெஞ்சும் அதிர்ந்தது. விக்கி அவனுக்கு டீ வாங்கிவரப் போனான்.

அனந்தபுரம் திருவிழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோது, பிலவேந்திரன் என்னைக் கூட்டத்தின் கடைசிக்கு அழைத்துப் போனான். "முன்னாடி ஆடுறவன் எது போட்டாலும் ஆடுவான் தாத்தா. பின்னாடி உக்காந்துக்கினு இருக்கறவங்க காலப் பாருங்க" என்றான். பார்த்தேன். பேத்தியை மடியில் வைத்திருந்த ஓர் அம்மாவின் பெருவிரல் தாளத்துக்கு ஆடியது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அது என் குரலும்மா!" என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா பேஜாரு பண்ணாத பெருசு." நான் அங்கேயே கூவிக் காட்டினேன். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். "இதெல்லாம் செஞ்சவன் இவன்தான்" என்று பிலவேந்திரனைக் காட்டினேன். "நீ என்னா செஞ்ச தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். "எதக் காட்டுறதுங்க? குரலு தாத்தாவோடது, அடி விக்கியோடது" என்று சொல்லி நழுவிவிட்டான்.

அடக்கம் முடிந்த மறுநாள் விக்கியோடு விழுப்புரத்தில் பிலவேந்திரன் வீட்டுக்குப் போனேன். மாலை போட்ட படத்துக்குக் கீழே அவன் அம்மா ஆரோக்கியமேரி உட்கார்ந்திருந்தார். அழுது தீர்ந்த முகம். நான் திண்டிவனத்தில் மல்லாட்டை விற்கிறவன் என்று விக்கி சொன்னதும், என்னிடம் கேட்டார்.

"அண்ணா, நேத்து அடக்கத்துல பேசறதுக்கு, பையன் என்ன வேல பண்ணான்னு சர்ச்சு சாமியாரு கேட்டாருங்க. பாட்டு வேலன்னேன். பாடுவானான்னாரு. இல்லன்னேன். வாசிப்பானான்னாரு. அதுவும் இல்ல. அப்புறம் என்னாதான் பண்ணான்னு எனக்கே சொல்லத் தெரியல. பெத்தவளுக்கே தெரியலன்னா என் புள்ள வாழ்ந்ததுக்கு என்னா அர்த்தம்?"

எனக்கும் சொல்ல வரவில்லை. குனிகிறது, நிமிர்கிறது என்றெல்லாம் சொன்னால் அவருக்கு என்ன புரியும்? விக்கி லேப்டாப்பைத் திறந்தான். வெட்டாத ஒலிப்பதிவையும் பிலவேந்திரன் அவனுக்குக் கொடுத்து வைத்திருந்தான். முதலில் என் பூனைக்குரல் வந்தது. பிறகு அறை அதிர, "கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, விழுப்புரம்! ஏறு ஏறு ஏறு!"

ஆரோக்கியமேரி படத்தைப் பார்த்தார். பிறகு லேப்டாப்பைப் பார்த்தார். "எப்புடி கத்துறான் பாரு. ஊட்டுல கொழம்பு வேணும்னாகூட வாயத் தொறந்து கேக்க மாட்டான்" என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இன்னொரு முறை போடச் சொன்னார். இன்னொரு முறையும்.

பிறகு விக்கி முழுப் பாட்டையும் போட்டான். கடைசிவரை காது கொடுத்துக் கேட்டவர், "இதுல அவன் எங்க?" என்றார்.

"தன் குரல வெட்டி எடுத்துட்டாரும்மா" என்றான் விக்கி.

"ஏன்?"

அப்போதுதான் எனக்குச் சொல்ல வந்தது. "எனக்குக் குரலே வரலம்மா. அவன் கத்துனதாலதான் வந்துச்சு. வந்ததும் அவன் ஒதுங்கிக்கினான். ஒவ்வொரு பாட்டுலயும் யாருக்காவது இப்புடித்தான் பண்ணிக்கினு இருந்தான். அதான்மா அவன் வேல."

சற்று நேரம் கழித்துத் துக்கம் கேட்க ஒரு பெண் வந்தார். அவர் உட்காருவதற்குள் ஆரோக்கியமேரி என் கையைப் பிடித்துக் காட்டினார். "இவரு திண்டிவனத்துல மல்லாட்ட விக்கிறவரு. மைக்க பாத்து பயந்துட்டாரு. என் புள்ளதான் இவர கூவ வெச்சான்." குரலில் நடுக்கமில்லை.

வெட்டாத ஒலிப்பதிவைத் தன் போனில் ஏற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். அதில் அவர் மகன் இருக்கிறான். எனக்கும் ஏற்றித் தருவதாக விக்கி சொன்னான். வேண்டாமென்றேன். அது பெற்றவளுக்கு. என்னிடம் இருப்பது முழுப் பாட்டு. அதை எத்தனை முறை போட்டாலும் பிலவேந்திரன் குரல் வராது. என் குரல்தான் வரும், தெளிவாக. அதை வைத்துக்கொள்கிறேன்.